வன்னியின் வானமும் கொழும்பின் பிறையும்

நம் நாட்டில் அச்சாகும் நாட்காட்டி எதனை எடுத்து நோக்கினும், நோன்புப் பெருநாளுக்கென்று ஒரு திகதி, ஆண்டு பிறப்பதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே அரசாங்க வர்த்தமானியின் பலத்தோடு சிவப்பு மையில் இடம்பிடித்திருக்கக் காணலாம். ஆயினும் வவுனியாவின் பட்டாணிச்சூரிலோ, சாளம்பைக்குளத்திலோ, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலோ வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தலைவி அந்தச் சிவப்பு எழுத்தை நம்பி உலை ஏற்றுவதில்லை. ரமழான் மாதத்தின் 29ஆம் நோன்பைப் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் திறந்து, மஃரிப் தொழுகையை நிறைவேற்றி எழுந்த பின்னரும், விடிந்தால் பெருநாளா அன்றி முப்பதாவது நோன்பா என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், இறைச்சிக் கடைக்காரரும், தையற்காரரும், பள்ளிவாசற் கதீபும், வெளியூரிலிருந்து இரவுப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மகனும் அவளோடு சேர்ந்தே காத்திருக்கின்றனர். பெருநாள் தொழுகைக்கு முன்னதாகவே ஏழைகளின் கையிற் சேர்ந்துவிட வேண்டிய ஸகாத்துல் பித்ர் அரிசியும் அளக்கப்பட்டு, மூட்டையின் வாய் கட்டப்படாமலே கூடத்தின் ஓரத்தில் இருக்கும்.

கிரகணம் எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் விடும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணித்துரைக்கும் இக்காலத்தில், ஒரு பண்டிகையின் நாளை முதனாள் இரவு வரையில் அறியாதிருப்பது எங்ஙனம் என்று முஸ்லிமல்லாத அயலவர் வியப்பதுண்டு. சிலர் சற்று நகைப்பதும் உண்டு. வினா நியாயமானதே. ஆனால் வினவுகின்ற நம்மவர் வீட்டுச் சுவரிலே தொங்குவது எந்தப் பஞ்சாங்கம் என்று திருப்பிக் கேட்டால், ஒரு வீட்டில் கொக்குவில் இரகுநாதையர் வாக்கியமும், அடுத்த வீட்டில் மட்டுவில் திருக்கணிதமும் இருக்கக் காண்போம். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தையும் மருத்துநீர் வைக்கும் புண்ணியகாலத்தையும் இவ்விரண்டும் வெவ்வேறாகவே கூறும். பத்திரிகைகளும் இரண்டையும் அடுத்தடுத்துப் பிரசுரித்து, வாசகர் விருப்பத்துக்கு விட்டுவிடும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலோ வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமையிலே நிகழ்வது. அதற்கென முல்லைத்தீவுக் கடலில் அள்ளிய உப்புநீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும் நாளையும் சந்திரனையன்றி வேறெவரும் நிர்ணயிப்பதில்லை. இவ்வளவு ஏன்? 1966 முதல் 1971 வரையிலான காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை நீக்கி, வளர்பிறையும் தேய்பிறையும் வகுத்த போயா நாட்களையே வார விடுமுறையாகக் கொண்டு, அரசாங்கக் கந்தோர்களும் வங்கிகளும் பாடசாலைகளும் சந்திரனுக்குக் கட்டுப்பட்டு இயங்கிய தேசம் இது. சந்திரனைப் பார்த்துக் காலம் வகுப்பதை விநோதமாகக் கருதும் உரிமை இலங்கையருள் எவருக்கும் இல்லை.

விநோதம் வேறோரிடத்தில் உள்ளது. இந்துக்களும் பௌத்தர்களும் சந்திரனைக் கணித்துக் கொள்கின்றனர். முஸ்லிம்களுட் பெரும்பாலோர் அதனைக் கண்டு கொள்கின்றனர். சந்திரன் சூரியனோடு ஒரு சேர்க்கையிலிருந்து மறு சேர்க்கைக்கு வருவதற்குச் சராசரியாக 29 நாளும் 12 மணியும் 44 நிமிடமும் செல்லும். அரை நாளை ஒரு மாதத்தோடு ஒட்டவைக்க இயலாதாகையால், மாதம் ஒன்று 29 நாளாக அன்றி 30 நாளாக அமையும். பன்னிரண்டு மாதங்களும் சேர்ந்து 354 நாளாக, சில வருஷங்களில் 355 நாளாக முடியும். சூரிய வருஷத்துக்கு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவான இக்கணக்கை ஈடு செய்ய, அராபியர் முற்காலத்தில் இடையிடையே ஒரு மாதத்தைச் செருகி வந்தனர். இந்து பஞ்சாங்கத்தின் அதிக மாசமும் அத்தகையதே. அவ்வழக்கத்தை இஸ்லாம் விலக்கிவிட்டபடியால், ரமழான் ஏறத்தாழ 33 வருஷத்தில் பருவங்கள் யாவற்றையும் சுற்றி வருகின்றது. செட்டிகுளத்தில் வயல் செய்யும் ஒருவர் தம் ஆயுளில் காலபோக விதைப்பிலும் நோன்பு நோற்பார், அறுவடையிலும் நோற்பார், சிறுபோகத்தின் உச்சி வெயிலில் தண்ணீர் கட்டும் நாளிலும் நோற்பார்.

அமாவாசை கூடும் கணத்தைக் கணிப்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அமாவாசை கூடிய மாத்திரத்தில் பிறை தோன்றிவிடுவதில்லை. சந்திரன் சூரியனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரைப்பாகை வீதம் விலகிச் செல்லும். அவ்விலக்கம் ஏழு பாகை ஆகும் வரையில் ஒளிக்கீற்றே உருவாவதில்லை என்று கண்டவர் தான்ஜோன் என்னும் பிரெஞ்சு வானியலாளர். வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதற்கு அதனினும் கூடிய விலக்கம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது வானத்தின் தெளிவையும், காண்பவரின் கண்ணையும், அடிவானத்தில் நிற்கும் தூசியையும் பொறுத்தது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்க்கு இதனை இன்னும் எளிதாகக் கூறலாம். ஒரு திதி என்பது பன்னிரண்டு பாகை விலக்கம். ஆதலின் சூரியன் மறையும் வேளையில் பிரதமை கழிந்து துவிதியை நடக்குமாயின், மேகம் மறைத்தாலன்றி அன்று பிறை தென்படுவது பெரும்பாலும் உறுதி. பிரதமையின் முற்பாதி நடக்குமாயின் தென்படாமை உறுதி. இடைப்பட்ட பிற்பாதியிலேதான் வழக்கு முழுவதும் கிடக்கின்றது. மூன்றாம் பிறையைத் தரிசித்துக் கைகூப்பி, நான்காம் பிறையைக் கண்டால் ஆகாதென்று முகந்திருப்பும் தமிழர்க்கு இந்த நுட்பம் பழக்கத்தால் தெரிந்ததே. வன்னியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகை அளவிலே கிடப்பது. இலண்டனில் சில பருவங்களில் இளம்பிறை அடிவானத்தோடு படுத்துச் சென்று மறைந்துவிடும். இங்கே அது ஏறக்குறைய நிமிர்ந்தே இறங்குமாதலின், பார்ப்பதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகம்.

சட்டத்தின் நிலையை இனி நோக்குவோம். பிறைகள் மாந்தர்க்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகள் என்பது குர்ஆனின் கருத்து. பிறை கண்டு நோன்பு தொடங்குக, பிறை கண்டு நோன்பு விடுக, மேகம் மறைத்தால் முப்பதைப் பூர்த்தி செய்க என்பது நபிகளாரின் போதனை. இதில் ஏதும் சிக்கலில்லை. சிக்கல் எழுவது யாருடைய கண் யாருக்குச் செல்லும் என்னும் இடத்தில். சஹீஹ் முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுதியில் பதிவான ஒரு நிகழ்ச்சியைச் சட்ட அறிஞர் இன்றும் எடுத்துப் பேசுகின்றனர். குரைப் என்பவர் ஓர் அலுவலாகச் சிரியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வெள்ளி இரவில் ரமழான் பிறையைக் கண்டு, மாத இறுதியில் மதீனாவுக்குத் திரும்பியபோது, நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவரை விசாரித்து, நாங்கள் கண்டது சனி இரவிலாதலின் எங்கள் கணக்கின்படியே முடிப்போம் என்று கூறி, கலீபா முஆவியா கண்டதும் நோற்றதும் தமக்குப் போதா என மறுத்துவிட்டார். ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்ட மரபினர் இதனை அடியாகக் கொண்டு, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் அதனதன் பிறை என்றனர்; பிரதேசம் எதுவரை என்பதில் இமாம் ராஃபிஈ பயண தூரத்தையும், இமாம் நவவீ பிறை உதயமாகும் எல்லையையும் அளவாகக் கொண்டனர். ஹனஃபீ மத்ஹபில் செல்வாக்குப் பெற்ற கருத்தோ, ஓரிடத்திற் கண்ட பிறை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பது. இலங்கை முஸ்லிம்களும் தமிழகக் கரையோர முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபிஈகளாதலின், உள்நாட்டுப் பிறையே இங்கு மரபாயிற்று.

இதனினும் முக்கியமானதாக நமக்குத் தோன்றுவது வேறொரு செய்தி. பாலை நிலத்து நாட்டுப்புறத்தார் ஒருவர் மதீனாவுக்கு வந்து, பிறையைக் கண்டேன் என்று கூறினார். நபிகளார் அவரிடம் விசுவாசப் பிரமாணத்தை மட்டும் கேட்டறிந்து, அவ்வொருவர் வாக்கைக் கொண்டே மறுநாள் நோன்பென்று ஊருக்கு அறிவிக்கும்படி தம் தோழர் பிலாலைப் பணித்தார். நகரத்துக்குத் தெரியாததை நாட்டுப்புறம் கண்டது. கண்டதை நகரம் ஏற்றது. ரமழான் தொடங்குவதற்கு நம்பிக்கைக்குரிய ஒரு சாட்சியும், அடுத்த மாதமாகிய ஷவ்வால் பிறந்து பெருநாள் கொள்வதற்கு இரு சாட்சிகளும் வேண்டும் என்னும் விதி இவ்வகைச் செய்திகளின் மேல் எழுந்ததே.

நம் தீவில் இவ்விதி நடைமுறையாவது கொழும்பு புதிய சோனகத் தெருவிலுள்ள பெரிய பள்ளிவாசலில். ரமழானுக்கு மட்டுமன்றி, ஒவ்வொரு சந்திர மாதத்தின் 29ஆம் நாள் மாலையிலும் அங்கே பிறைக்குழு கூடுகின்றது. பெரிய பள்ளிவாசலின் நிர்வாகத்தாரும், 1924இல் தொடங்கப்பெற்று 2000ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்தமர்ந்து, தீவின் பல பாகங்களிலிருந்தும் வரும் தொலைபேசிச் செய்திகளைக் கேட்டு, பிறை தென்பட்ட திசை, அதன் கொம்புகள் நோக்கிய பக்கம், அடிவானத்திலிருந்து அதன் உயரம், கண்ணில் நின்ற நிமிடங்கள், உடனிருந்து கண்டவர் யாவர் என்றெல்லாம் விசாரித்துத் தீர்மானிப்பர். தீர்மானம் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையிலே ஒலித்த பின்னர்தான் கிராமத்துப் பள்ளியின் ஒலிபெருக்கியில் தக்பீர் எழும். கைத்தொலைபேசி வந்துவிட்ட பின்னரும் வானொலியிற் கேட்டாலன்றித் திருப்தியடையாத முதியவர்கள் பலர் உளர்; அது பழக்கமா, பிரமாணத்தின் மேல் உள்ள பற்றா என்று பிரித்துக் கூறுவது கடினம்.

கிராமத்திலே பிறை பார்ப்பதற்கு வன்னியில் மாடி வீடு தேவையில்லை, குளக்கட்டு உண்டு. காடு மறைக்கும் இந்நிலத்தில் மேற்கு வானத்தை அடிவரை திறந்து காட்டுவது நீர்ப்பரப்பு ஒன்றே. அஸ்தமனத்துக்குச் சற்று முன்னரே குளக்கட்டில் ஏறி, சூரியன் இறங்கிய இடத்தை ஒரு பட்ட மரத்தையோ பனையையோ அடையாளம் வைத்துக் கொண்டு, அதற்கு மேலே இருபுறமும் ஒரு கை அகலத்துக்குள் மட்டும் கண்ணை ஓடவிட வேண்டும். வானம் முழுவதையும் துழாவுபவன் பிறையைக் காணமாட்டான். முதலிற் கண்டவன் சுட்டுவிரலை நீட்ட, மற்றவர்கள் அவன் தோளோடு தோளாகக் குனிந்து, அவ்விரலின் நுனி வழியே பார்ப்பர். முல்லைத்தீவுப் பட்டினத்தார்க்குக் கடல் கிழக்கிலாதலின் பிறைக்கு அது உதவாது. பட்டினத்தின் மேற்கே விரிந்து கிடக்கும் நந்திக்கடலே அவர்களின் அடிவானம். கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள நாச்சிக்குடாவுக்கோ மேற்கே கடல். சூரியனும் பிறையும் நீரிலேயே இறங்கும். பிறை பார்ப்பதற்கு இதனிற் சிறந்த இடங்கள் வடக்கிலே சிலவே இருக்கும்.

அந்த அடிவானங்கள் இருபது வருஷ காலம் பார்ப்பாரின்றிக் கிடந்தன. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் முஸ்லிம் குடிகள் ஒருவர் எஞ்சாமற் சென்றனர். வவுனியாவின் கிராமங்கள் சிலவும் வெறிச்சோடின. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் அவர்கள் நோன்பு பிடித்தும் பெருநாள் கொண்டும் வாழ்ந்த காலமெல்லாம், பிறை கண்ட செய்தி முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு ஒருமுறையேனும் சென்றிருக்க வழியில்லை. ஒரு சமூகத்தின் வெளியேற்றத்தால் இழக்கப்பட்டவற்றைக் கணக்கெடுப்போர் காணியையும் வீட்டையும் நகையையும் கடையையும் எழுதுவர். சாட்சி சொல்லும் தகுதியும் அவற்றோடு போயிற்று என்று எவரும் எழுதுவதில்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினர். பல குடும்பங்கள் இன்றும் பாதி புத்தளத்திலும் பாதி நீராவிப்பிட்டியிலுமாக வாழ்வதால், 29ஆம் நாள் மாலையில் இருதிசைக்கும் தொலைபேசி அழைப்புகள் போய்வரும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு பூகோள உண்மை உண்டு. பிறைபற்றிய வாதப்பிரதிவாதங்களில் அது போதிய இடம் பெறவில்லை என்பது நம் அபிப்பிராயம். மே முதல் செப்டெம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கொழும்பு, காலி, களுத்துறை முதலிய மேற்கு, தென்மேற்குக் கரைகளின் வானம் அடிக்கடி மேகமூட்டமாயிருக்க, அதே காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்ட சோளகமாகி வீசும் வடக்கிலும் கிழக்கிலும் வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலைமை தலைகீழாகும். வாடையும் மாரியும் வன்னியின் அடிவானத்தை மூடிவிட, பிறை பார்க்கும் வாய்ப்பு மேற்கிலும் தெற்கிலும் கூடும். ஒரு தீவு, ஒரு பிறை என்னும் கோட்பாட்டை ஐக்கியத்தின் பேரால் மட்டும் ஆதரிப்போர் அதன் பலத்தில் பாதியையே கூறுகின்றனர். அது வானங்களின் பரிவர்த்தனையுமாகும்: சோளகத்தில் கொழும்புக்காக வன்னி பார்க்கின்றது, மாரியில் வன்னிக்காகக் கொழும்பு பார்க்கின்றது. 2009 தொடங்கி 2018 வரையிலான பத்தாண்டுகளில் ரமழானும் நோன்புப் பெருநாளும் மே முதல் செப்டெம்பருக்குள்ளேயே வந்து சென்றன. தென்மேற்கு வானம் மூடிக்கிடக்கும் அந்தப் பருவத்தில்தான் வடக்கின் கண்ணுக்கும் கிழக்கின் கண்ணுக்கும் மதிப்பு மிகுந்திருக்க வேண்டும்.

மிகுந்ததா என்பதற்கு 2013இல் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி புதன்கிழமை மாலை, ஷவ்வால் பிறையைக் கண்டதாகக் கிழக்கே கிண்ணியாவிலிருந்து செய்தி சென்றது. கொழும்பு அதனை ஏற்காது, நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்து வெள்ளிக்கிழமை பெருநாள் என அறிவித்தது. கிண்ணியாவிலும் வேறு சில இடங்களிலும் மக்கள் வியாழனன்றே பெருநாள் கொண்டாடினர். பெருநாளன்று நோன்பு நோற்பது ஹராம், ரமழானில் காரணமின்றி நோன்பை விடுவது பாவம் என்னும் இரு விதிகளுக்கிடையே சாதாரண மக்கள் அகப்பட்டுக் கொண்டனர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள் தக்பீரும் மறு வீட்டில் நோன்பு நோற்பதற்கான ஸஹர் உணவுமாயிற்று. வானியல் கணக்கைப் பார்த்தால், அமாவாசை கூடியது அன்று அதிகாலை மூன்றரை மணிக்குச் சற்று முன்னர். சூரியன் மறையும்போது சந்திரனின் வயது ஏறத்தாழ 15 மணி நேரம். வெறுங்கண்ணாற் கண்டதாக உலகில் நம்பத்தக்க வகையிற் பதிவாகியுள்ள மிக இளைய பிறையின் வயதும் 15 மணி 32 நிமிடம் என்பதை நினைக்க, உலமா சபையின் ஐயம் அடிப்படையற்றதன்று. ஆயினும் கண்டோம் என்று அல்லாஹ்வின் பேரால் உரைப்பவரிடம், உங்கள் சாட்சியத்தை இன்ன இன்ன காரணத்தால் ஏற்க இயலாதிருக்கின்றது என்று பொறுமையாக எடுத்துரைப்பது ஒன்று. கேள்விக்கு விடை கிடைக்காமல் இரவு முழுவதும் காத்திருக்க வைப்பது வேறொன்று. அன்றைய மனத்தாங்கலுக்குப் பிறையின் வயது சிறு காரணம். தலைநகரம் எங்கள் கண்ணை நம்பவில்லை என்னும் எண்ணமே பெருங்காரணம். கிண்ணியாவுக்கு அன்று நேர்ந்த மனக்கசப்பு, பாலை நிலத்து மனிதரின் கதையை அறிந்தவர்க்கு நன்கு விளங்கும்.

சைவ சித்தாந்திகள் அறிவுக்கு வாயிலாக அளவைகளை வகுத்து, காட்சி, கருதல், உரை என மூன்றை முதன்மையாகக் கொள்வர். பிறை வழக்கிலும் இம்மூன்றுமே எதிரெதிர் நிற்கின்றன: கண்டவனின் பிரத்தியட்சம், கணிதத்தின் அநுமானம், சாட்சியின் வாக்கு. ஒன்றை ஏற்று மற்றிரண்டைத் தள்ளுவோர் உலகெங்கும் உளர். துருக்கி கணித்த நாட்காட்டியையே பின்பற்றுகின்றது. 1978இல் இஸ்தான்புல்லில் கூடிய மாநாடு எட்டுப் பாகை விலக்கமும் ஐந்து பாகை உயரமும் போதுமென வகுத்தது. சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாட்காட்டி கணக்கால் அமைந்ததாயினும், ரமழானையும் பெருநாட்களையும் அங்கே உயர்நீதிமன்றம் சாட்சியங் கேட்டே அறிவிக்கின்றது. இந்தோனேசியாவில் முஹம்மதிய்யா இயக்கம் கணக்கையும், நஹ்ளத்துல் உலமா காட்சியையும் பற்றி நிற்பதால், 2023இல் ஒரு சாரார் ஏப்ரல் 21இலும் மறு சாரார் 22இலும் பெருநாள் கொண்டாடினர். தமிழகத்தில் சென்னைத் தலைமைக் காஜியின் அறிவிப்பு ஒருபுறமும், தவ்ஹீத் அமைப்புகளின் நிலைப்பாடுகள் மறுபுறமும், முற்றிலும் கணக்கையே நம்பும் ஹிஜ்ரா கமிட்டியார் இன்னொருபுறமுமாக, ஒரே ஊரில் மூன்று பெருநாள் வந்த அநுபவம் உண்டு. கொழும்பு வாழ் போரா முஸ்லிம்களோ எகிப்திய ஃபாத்திமியர் காலத்துக் கணித அட்டவணையை வழுவாது கைக்கொண்டு, ரமழானுக்கு எப்பொழுதும் முப்பது நாள் என வகுத்து, மற்றவர்க்கு ஓரிரு நாள் முந்தியே பெருநாள் கொள்கின்றனர்; அதனால் எவருக்கும் இடையூறு விளைந்ததாகக் கேள்வியில்லை.

கணக்கையும் காட்சியையும் பகைவர்களாகவே வைத்துப் பேசுவோர், ஷாஃபிஈ மத்ஹபுக்குள்ளேயே ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதற்கு ஒரு வழி காட்டப்பட்டிருப்பதை மறந்துவிடுகின்றனர். 1355இல் காலமான இமாம் தகிய்யுத்தீன் அஸ்ஸுப்கீ, பிறை தென்படுவது அசாத்தியம் என்று கணிதம் திட்டமாகக் கூறும் நாளில், கண்டேன் என்று வருபவரின் சாட்சியம் தள்ளத்தக்கது என்றார். பின்வந்த அறிஞர் பலர் உடன்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் மாதத்தைத் தொடக்கி வைக்கும் அதிகாரத்தைக் கணக்குக்குக் கொடாமல், பொய்க்காட்சியைத் தடுக்கும் காவலாக மட்டும் அதனை வாயிலில் நிறுத்துகின்ற இம்முறையே, நம் தீவுக்கு மிகவும் ஏற்றதென நாம் கருதுகின்றோம். வாயிலில் நிற்கும் காவலன் நேர்மையானவனென்று வருகின்றவர்க்குத் தெரிய வேண்டுமாயின், ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாளுக்கு ஒரு வாரம் முன்னரே, அன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கிண்ணியாவிலும் சூரியன் மறையும் நேரம், சந்திரன் மறையும் நேரம், விலக்கத்தின் பாகை, தென்படும் சாத்தியம் என்பனவற்றைப் பள்ளிவாசல் தோறும் எழுதி ஒட்டிவிடலாம். பிறகு ஏற்கப்பட்ட சாட்சியங்களையும், ஏற்கப்படாதனவற்றையும், ஏற்காமைக்குரிய காரணங்களையும் மறுநாளே வெளியிடலாம். ஊர் தோறும் கண்பார்வை கூர்மையான இருவரை, பெரியவர் ஒருவரும் இளைஞர் ஒருவருமாக, மாதந்தவறாது குளக்கட்டுக்கு அனுப்பிப் பழக்கினால், வருஷத்துக்கு ஒருமுறை ரமழானுக்கு மட்டும் மேற்கே பார்ப்பவரின் தடுமாற்றம் இராது. அவர்கள் சொல்லும் சொல்லுக்கும் கொழும்பில் எடையுண்டாகும்.

மக்காவோடு ஒன்றுபட்டு, உலகிற்கெல்லாம் ஒரே நாள் என்பாரின் வாதத்தையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. குறிப்பாக துல்ஹஜ் மாதத்தின் ஒன்பதாம் நாளாகிய அரஃபா நாள்பற்றிய அவர்கள் கேள்வி கூரியது: ஹாஜிகள் அரஃபாத் மைதானத்தில் நின்று, மறுநாள் குர்பான் பலியும் கொடுத்துக் கொண்டிருக்கும் வேளையில், இங்கே நாம் ஒன்பதாம் நாள் நோன்பென்று இருப்பது பொருந்துமா என்பர். மக்காவிலிருந்து ஒட்டகத்திலும் பாய்க்கப்பலிலும் செய்தி வந்து சேர மாதங்கள் சென்ற ஆயிரத்து முந்நூறு வருஷ காலமும் முஸ்லிம் உலகம் தத்தம் ஊர்ப் பிறையாலேயே ஒன்பதாம் நாளைக் கொண்டது என்பதும், அந்தத் தலைமுறைகளின் அரஃபா நோன்பு கூடாமற் போயிற்றென்று எவரும் கூறத் துணியார் என்பதும் இதற்கு விடை. இவ்விடையால் எல்லாரும் திருப்தியடைவர் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

அரசாங்க அலுவலகங்களும் பாடசாலைகளும் இதில் அறிய வேண்டியது அதிகமில்லை. நோன்புப் பெருநாள் முதனாள் இரவிலேதான் நிச்சயமாகும். ஹஜ்ஜுப் பெருநாளோ துல்ஹஜ் பிறை தெரிந்த பத்தாம் நாளில் வருவதால், ஒன்பது நாள் முன்னரே எல்லார்க்கும் தெரிந்துவிடும். ரமழானில் முஸ்லிம் உத்தியோகத்தரின் தொழுகைக்கு ஏற்ப வேலை நேரத்தை ஒழுங்கு செய்து வருஷந்தோறும் சுற்றறிக்கை அனுப்பும் நிர்வாகம், சிவப்புத் திகதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளை வலயப் பரீட்சைகளும் நேர்முகத் தேர்வுகளும் வையாமல் விட்டுவைக்குமாறு அதிலே ஒரு வரியைச் சேர்க்கலாம். வன்னியில் முஸ்லிம் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாடசாலைகளிலும் கற்கின்றனர். பெருநாட் காலையில் பரீட்சை மண்டபத்துக்குப் போவதா, தொழுகைத் திடலுக்குப் போவதா என்னும் இக்கட்டில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துவதற்கு அந்த ஒரு வரியின்மையே போதும்.

இனி வரும் ஆண்டுகள் எளியன அல்ல. ரமழான் பின்னோக்கி நகர்ந்து மாரிக்குள் நுழைந்து கொண்டிருக்கின்றது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமழானும் டிசம்பர் கடைசியில் மற்றொரு ரமழானுமாக, ஒரே ஆங்கில வருஷத்தில் இருமுறை தலைநோன்பு வரும். அதன் பின்னர் சில ஆண்டுகள் டிசம்பரிலும் நவம்பரிலும், குளங்கள் நிரம்பிக் கலிங்கு பாயும் நாட்களில், வன்னியார் குளக்கட்டில் ஏறினாலும் மேகத்தையே காண்பர். அப்பொழுது பிறைச் செய்தி பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும் இருந்து வர, வடக்கும் கிழக்கும் அதனை ஏற்க வேண்டியிருக்கும். அதே 2030இல் ஹஜ்ஜுப் பெருநாள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரவிருக்கின்றது. வாக்கியமும் திருக்கணிதமும் தத்தம் புண்ணியகாலத்தை அறிவிக்க, துல்ஹஜ் பிறை எந்த மாலையில் தென்பட்டதென்று பெரிய பள்ளிவாசல் அறிவிக்க, முல்லைத்தீவுச் சந்தையிலே ஒரே வாரத்தில் ஒரு வீட்டார் பொங்கற் பானையும் மறு வீட்டார் குர்பானுக்கு ஆடும் தேடுவர். ஆட்டின் விலையும் பானையின் விலையும் அவ்வாரத்தில் ஏறும் என்பதை மட்டும் எந்தப் பஞ்சாங்கத்தையும் எந்தப் பிறையையும் பாராமல் இப்பொழுதே கூறிவிடலாம்.